விமானம் செய்பவர்களுக்கு: சீவல் தொட்டியைத் திறந்து பாருங்கள்

விமானங்களையும் விமான இன்ஜின்களையும் தயாரிக்கும் நிறுவனங்களின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், அங்கே கொள்முதலையும் வடிவமைப்பையும் கவனிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் விமானத்தில் ஏறப்போகும் ஒரு டைட்டானியம் பாகம் இரண்டு கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். அதைச் செய்ய எங்கள் பட்டறைக்குள் வரும் கட்டி இருபது கிலோ இருக்கும். சில பாகங்களுக்கு அதைவிடவும் அதிகம். மிச்சம் பதினெட்டு கிலோவும், கடையும்போது சுருள் சுருளாக உதிரும் சீவலாக மெஷினுக்கு அடியில் உள்ள தொட்டியில் விழுகிறது. வாங்குகிற எடையில் பத்தில் ஒரு பங்குதான் பறக்கிறது என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து தெரிந்தே பழகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் பழகவில்லை.

பாகங்கள் கடைந்து கொடுக்கும் பட்டறைகளில் இருபது வருடத்துக்கு மேலாக மூலப்பொருள் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்கிறேன். உங்களுடைய சப்ளையருக்குச் சப்ளையர், அவருக்கும் ஒரு சப்ளையர் என்று மூன்று நான்கு படி கீழே இருக்கும் இடம் எங்களுடையது. ஆர்டர் வந்தால் கட்டியை வரவழைப்பது, எந்த உருக்கலில் வந்த உலோகம் என்று காட்ட அதன்மேல் பொறித்திருக்கும் ஹீட் நம்பரைச் சான்றிதழோடு ஒப்பிடுவது, வெட்டி மெஷினுக்கு அனுப்புவது, கடைசியில் சீவலை எடை போட்டு வெளியே அனுப்புவது, இவ்வளவுதான் என் வேலை. உலோகத் தட்டுப்பாடு என்று நீங்கள் கூடிப் பேசத் தொடங்கும் முன்பே எங்கள் ஸ்டோர்ஸில் அலமாரி காலியாகத் தொடங்கியிருக்கும். அந்த அலமாரியின் முன்னால் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். தட்டுப்பாடு வந்ததும் புதுச் சுரங்கம், புது நாடு, புது ஒப்பந்தம் என்று வெளியே தேடுகிறீர்கள். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி, நம் சங்கிலிக்குள்ளேயே இருக்கும் உலோகத்தைக் காப்பாற்றும் வேலையை விலை ஏறும்போது மட்டும் கையில் எடுக்கிறீர்கள். விலை இறங்கியதும் அது நின்றுபோகிறது. இந்த வேலையை விலையோடு முடிச்சுப் போடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

முன்பு நான் இருந்த ஒரு பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மெஷினில் டைட்டானியம் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்து மெஷினில் நிக்கல் கலவை. இரவு ஷிப்டில் ஆள் குறைவு. இரண்டு தொட்டிகளும் நிறைந்து வழிந்ததும், காலியாக இருந்த டிரம்களில் இரண்டையும் சேர்த்துக் கொட்டிவிட்டார்கள். காலையில் நான் போய்ப் பார்த்தபோது கிட்டத்தட்ட நானூறு கிலோ சீவல், எது எது என்று பிரிக்கவே முடியாத நிலையில், கூலன்ட் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. கலப்படச் சரக்கு என்ற விலைக்குப் பழைய இரும்பு வியாபாரி அள்ளிக்கொண்டு போனார். அதே மாதத்தில்தான் அதே டைட்டானியக் கட்டிக்காக ஆலைக்கு நான் வாரம் மூன்று முறை போன் செய்து கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அந்த இரவு ஷிப்ட் தொழிலாளியிடம் நான் கோபப்படவில்லை. கோபப்பட நியாயமும் இல்லை. எங்களுக்கு வந்த ஒப்பந்தத்தில் பாகத்தின் அளவு, பரப்பின் வழவழப்பு, பொட்டலம் கட்டும் விதம் எல்லாம் நாற்பது பக்கத்துக்கு இருந்தன. சீவலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உங்களுக்கு அது முக்கியமில்லை என்றால் இரவு இரண்டு மணிக்குத் தள்ளுவண்டி தள்ளுகிறவருக்கு எப்படி முக்கியமாகும்?

டைட்டானியச் சீவல் என்றால் ஏதோ கழிவு என்று நினைத்துவிடாதீர்கள். சுத்தமாக, கலவை மாறாமல், உலர்ந்து வந்தால் அது திரும்ப உருக்கும் ஆலைக்கே போகலாம். அழுக்கும் கலப்பும் சேர்ந்துவிட்டால் எஃகு ஆலைகளில் சேர்க்கும் ஃபெரோடைட்டானியமாக மாறிவிடும். அப்படி ஒருமுறை எஃகில் கரைந்த டைட்டானியம் விமானத்துக்குத் திரும்ப வரவே வராது. இரண்டுக்கும் நடுவே இருப்பது தனித்தனித் தொட்டி, ஒரு மூடி, ஒரு சீட்டு, கொஞ்சம் கவனம்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. டைட்டானியத்தைத் திரும்ப உருக்குவது விளையாட்டான காரியம் இல்லை. நாங்கள் கடையும்போது வெட்டும் கருவியின் கார்பைடு முனை உடைந்து சீவலோடு கலந்துவிடும். டங்ஸ்டன் கார்பைடு டைட்டானியத்தைவிடப் பல மடங்கு கனமானது, டைட்டானியம் உருகும் வெப்பத்தில் அது உருகாது. கவனிக்காமல் விட்டால் புதுக் கட்டிக்குள் ஒரு கல்லைப் போல உட்கார்ந்துகொள்ளும். சூடேறிய டைட்டானியம் காற்றில் உள்ள நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் உறிஞ்சிக்கொண்டால் இன்னொரு வகைக் கடினப் புள்ளி உருவாகும்.

அந்தக் கடினப் புள்ளி என்ன செய்யும் என்று இந்தத் தொழிலுக்கு 1989 ஜூலை 19 அன்று தெரிந்தது. அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்த டிசி-10 விமானத்தின் வால் இன்ஜினில் முன்விசிறியைத் தாங்கும் டைட்டானிய வட்டு நடுவானில் உடைந்தது. சிதறிய துண்டுகளால், விமானத்தைத் திருப்ப உதவும் ஹைட்ராலிக் அமைப்புகள் மூன்றும் செயலிழந்தன. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். விசாரணையில், பதினெட்டு வருடங்களுக்கு முன்பு உருக்கும்போதே உள்ளே தங்கிவிட்ட, நைட்ரஜன் செறிந்த ஒரு சிறு குறையிலிருந்து விரிசல் வளர்ந்தது தெரியவந்தது. அதற்குப் பிறகு உருக்கும் முறைகளை இறுக்கினார்கள். எலக்ட்ரான் கற்றையாலோ பிளாஸ்மாவாலோ உருக்கி, தண்ணீரால் குளிரும் ஆழமில்லாத செப்புத் தொட்டி வழியாக உலோகத்தை மெதுவாக ஓடவிடும் முறை பரவியது. கனமான துகள் தொட்டியின் அடியில் தங்கிவிடும். நைட்ரஜன் செறிந்த புள்ளிகள் கரைவதற்கு நேரம் கிடைக்கும்.

அதனால் சுழலும் வட்டுகளுக்கு விதி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். சீவலைப் பிரித்து வைக்கச் சொல்வதும் அந்தக் கடுமையைச் சேர்ந்ததுதான். எந்த மெஷினில், எந்த ஹீட்டில், எந்த முனையால் கடைந்த சீவல் என்று எழுதி வைத்திருந்தால், உருக்குகிறவர் அதைக் கட்டமைப்புப் பாகங்களுக்கு எடுக்கலாமா வேண்டாமா என்று தைரியமாக முடிவெடுக்க முடியும். எழுதி வைக்காத சீவலை அவர் சந்தேகப்படத்தான் வேண்டும்.

சரி, டைட்டானியமாவது பூமியின் மேலோட்டில் ஏராளமாகக் கிடக்கும் தனிமம். தோண்டும் தாதுவில் மிகப் பெரும்பகுதி வெள்ளைச் சாயம் செய்யப் போகிறது. டைட்டானியத்தில் தட்டுப்பாடு என்பது மண்ணில் இல்லை, ஆலையில். தாதுவை டெட்ராகுளோரைடாக்கி, மக்னீசியத்தோடு மூடிய கலத்தில் நாள்கணக்கில் வினைபுரியவிட்டு, கடற்பஞ்சு போன்ற உலோகத்தை உடைத்து எடுக்கும் குரோல் முறைதான் இன்றும் முதன்மையான வழி. அந்தப் பஞ்சை விமானத் தரத்தில் செய்யும் ஆலைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் நெவாடாவின் ஹெண்டர்சனில் இருந்த ஆலையும் 2020-இல் நின்றுவிட்டது.

ரேனியத்தின் கதை வேறு. என்னை இரவில் தூங்கவிடாமல் செய்யும் உலோகம் அது.

1925-இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். மேலோட்டில் நூறு கோடிப் பங்கில் ஒரு பங்கு அளவுக்கும் குறைவாகத்தான் இருக்கிறது. உலகம் முழுக்க வருடத்துக்குச் சுரங்கத்திலிருந்து வரும் ரேனியம் 50, 60 டன். இரண்டு மூன்று பெரிய லாரிகளில் அடங்கிவிடும். அதில் பெரும்பங்கு உங்கள் இன்ஜின்களின் சூடான பகுதியில் சுழலும் பிளேடுகளுக்குப் போகிறது. பிளேடு முழுவதையும் ஒரே படிகமாக வார்க்கும் இரண்டாம் தலைமுறை ஒற்றைப் படிகக் கலவைகளில் சுமார் 3 சதவீதம், மூன்றாம் தலைமுறையில் 6 சதவீதம் வரை. நிக்கல் அணுக்கள் வெப்பத்தில் இடம் மாறி நழுவுவதை ரேனியம் தடுக்கிறது. அதனால்தான் தன் உருகுநிலையைவிடச் சூடான வாயு தன்மேல் பாய்ந்தாலும், உள்ளே காற்றோட்டக் குளிர்ச்சியோடும் மேலே பூச்சோடும் அந்தப் பிளேடு நீண்டுபோகாமல் நிற்கிறது.

இதற்கென்று சுரங்கம் கிடையாது. தாமிரத்தைத் தோண்டும்போது கூடவே மாலிப்டினம் கொஞ்சம் வருகிறது. அந்த மாலிப்டினத் தாதுவை வறுக்கும்போது எழும் புகையில் ரேனியம் ஆவியாகக் கலந்திருக்கும். அந்தப் புகையைக் கழுவிப் பிடிக்கும் வசதி இருக்கிற ஆலையில் அது கிடைக்கும், இல்லாத ஆலையில் போய்விடும். சிலி நாடுதான் முதலிடம். நெல்லுக்குப் பாய்ச்சும் தண்ணீரில் வரப்போரப் புல்லும் வளர்வது போல, தாமிரத்தின் புண்ணியத்தில்தான் நமக்கு ரேனியம். புல் அதிகம் வேண்டும் என்பதற்காக யாரும் வயலுக்கு இரண்டு மடங்கு தண்ணீர் பாய்ச்ச மாட்டார்கள். நீங்கள் எவ்வளவு விலை தருகிறேன் என்று சொன்னாலும் தாமிரச் சந்தை எவ்வளவு தோண்டச் சொல்கிறதோ அவ்வளவுதான் தோண்டுவார்கள். கோபால்டின் பெரும்பகுதி இப்படித் தாமிரத்தையும் நிக்கலையும் ஒட்டி வருகிறது. ஹாஃப்னியம் அணு உலைக்கான சிர்கோனியத்தைச் சுத்தம் செய்யும்போது ஒதுக்கும் பகுதி. அணு உலைக்காரருக்கு வேண்டாத அந்த ஒதுக்கல் இல்லாமல் உங்கள் பிளேடு வார்ப்பும் இல்லை, 10 சதவீதம் ஹாஃப்னியம் கொண்ட நியோபியம் கலவையில் செய்யும் ராக்கெட்டின் வெளியேற்றுக் குழலும் இல்லை.

கொள்முதல் பிரிவு நண்பர்கள் இதைத் தயவுசெய்து யோசிக்க வேண்டும். விலை ஏறினால் வரத்து கூடும் என்ற பழகிய கணக்கு இந்த உலோகங்களில் வேலை செய்யாது. வரத்து கூடுவதற்கு ஒரே ஒரு இடம்தான் உங்கள் கையில் இருக்கிறது: ஏற்கெனவே வாங்கியது.

இது எனக்குத் தோன்றிய புதுக் கருத்து ஒன்றும் இல்லை. உங்களில் ஒருவரே செய்து காட்டியிருக்கிறார். 2000-களின் தொடக்கத்தில் கிலோ ஆயிரம், ஆயிரத்துச் சொச்சம் டாலருக்குக் கிடைத்த ரேனியம் 2008-இல் பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. அதற்கு முன்பே, 2005 வாக்கில், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர்கள் வரப்போகும் தட்டுப்பாட்டைக் கணக்குப் போட்டுவிட்டார்கள். வார்ப்படச் சாலையில் வெட்டி எறியும் துண்டுகளைத் திரும்ப உருக்கினார்கள். பிளேடை அரைக்கும்போது வரும் சேற்றுப் பொடியைக்கூடச் சேர்த்து ரேனியத்தை மீட்டார்கள். பறந்து முடித்த பழைய பிளேடுகளைத் திரும்பப் பெற்றார்கள். கூடவே 3 சதவீத ரேனியம் கொண்ட கலவைக்கு மாற்றாக 1.5 சதவீதத்தில் ஒன்றை உருவாக்கி இன்ஜினுக்குக் கொண்டுவந்தார்கள். நெருக்கடி வந்தபோது அவர்கள் ஏற்கெனவே பாதி வழி வந்திருந்தார்கள்.

அதைவிடப் பழைய பாடமும் இருக்கிறது. 1978-இல் அன்றைய ஸயரின், அதாவது இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின், ஷாபா மாகாணத்தில் சண்டை மூண்டு கோல்வேசி சுரங்கப் பகுதி முடங்கியது. கோபால்ட் விலை சில மாதங்களில் பல மடங்கு ஏறியது. உலகத்தின் இன்ஜின் தொழிற்சாலைகள் திகைத்துப் போயின. 13 சதவீத அளவுக்குக் கோபால்ட் கொண்ட வாஸ்பலாய் என்ற நிக்கல் கலவை இருந்த பல இடங்களில், கோபால்டே தேவைப்படாத இன்கோனல் 718 என்ற இன்னொரு நிக்கல் கலவை வந்து அமர்ந்தது. நாசா 1980-களின் தொடக்கத்தில் கோபால்ட், டான்டலம், நியோபியம், குரோமியம் ஆகிய நான்கையும் சிக்கனப்படுத்த ஒரு தனி ஆய்வுத் திட்டமே நடத்தியது. நல்ல உலோகவியலாளர்கள் வருடக்கணக்கில் உழைத்தார்கள்.

அப்புறம் என்ன நடந்தது? கோபால்ட் விலை இறங்கியது. அவசரம் போயிற்று. அந்த ஆய்வுகளில் பல அறிக்கையாகவே தங்கிவிட்டன. ரேனியத்திலும் இதையே பார்த்தேன். 2008-க்குப் பின் வந்த பத்து வருடத்தில் விலை சரிந்தபோது, எங்கள் பக்கம் அரைப்புச் சேற்றைச் சேகரித்து வைத்த டிரம்களை எடுத்துக்கொண்டு போக வருகிற வண்டி முதலில் மாதம் ஒருமுறை ஆனது, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வரவே இல்லை. போன் செய்து கேட்டால் “இப்போதைக்குக் கட்டுபடியாகவில்லை” என்றார்கள். இடம் இல்லாமல் அந்த டிரம்களை வேறு கழிவோடு அனுப்ப நானே கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து இன்றும் உறுத்துகிறது.

2025 பிப்ரவரியில் காங்கோ ஜனநாயகக் குடியரசு கோபால்ட் ஏற்றுமதியையே நிறுத்தி வைத்தது, அக்டோபரில் அதை ஒதுக்கீட்டு முறையாக மாற்றியது. உலகத்துக் கோபால்டில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் அந்த ஒரு நாட்டிலிருந்து வருகிறது. ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது. அந்தப் பட்டியலில் யிட்ரியமும் இருந்தது. பிளேடின் மேல் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு கனத்துக்கு, வெப்பத்தைத் தடுக்கப் பூசுகிற சிர்கோனியாப் பூச்சு, எடையில் ஏழெட்டு சதவீதம் யிட்ரியத்தின் ஆக்சைடான யிட்ரியா சேர்த்தால்தான் சூடும் குளிரும் மாறும்போது உரிந்து விழாமல் நிற்கும். ஒரு இன்ஜினுக்குத் தேவைப்படும் யிட்ரியத்தின் எடை அற்பம். அது இல்லாவிட்டால் நிற்பது முழு இன்ஜின். டன் கணக்கில் எடை பார்த்து எது முக்கியம் என்று வரிசைப்படுத்தும் உங்கள் பட்டியல்கள் இந்த மாதிரி உலோகத்தைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகின்றன.

கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு ஒரே வாரத்தில் வந்த உலோகம் எங்களுக்கு 2022-இல் டைட்டானியம். ரஷ்யாவின் டைட்டானிய நிறுவனமான விஎஸ்எம்பிஓ-அவிஸ்மாவிடமிருந்து போயிங் தன் தேவையில் மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டிருந்தது. ஏர்பஸ் அதைவிட அதிகப் பங்கு. பிரேசிலின் எம்ப்ரேயர் ஏறக்குறைய முழுவதும். உக்ரைன் போர் தொடங்கியதும் அந்த மார்ச்சில் போயிங் கொள்முதலை நிறுத்தியது. 787 விமானத்தின் எடையில் 15 சதவீதம் டைட்டானியம் என்பதை நினைத்துப் பாருங்கள். கார்பன் இழைக் கூட்டுப்பொருளோடு அலுமினியத்தைச் சேர்த்தால் அரிப்பு வருமே என்று டைட்டானியத்தைத் தேர்ந்தெடுத்த வடிவமைப்பு அது. பொறியியலாக அந்த முடிவு சரிதான். அதை எடுத்த மேசையில், இந்த உலோகத்தை விமானத் தரத்தில் தருபவர்கள் உலகத்தில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினார்கள் என்றுதான் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

அந்த மாதங்களில் சங்கிலியின் எங்கள் பக்கத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கட்டி கிடைக்காது என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் கூட்டிக் கேட்கத் தொடங்கினோம். எங்களுக்கு அறுபது கட்டி போதும். எண்பது கேட்டால் அறுபது கிடைக்கும் என்று எண்பது கேட்டோம். எங்களுக்கு மேலே இருந்தவர் அதில் தன் பங்குக்கு நூறாக்கினார். ஆலைக்குப் போய்ச் சேரும்போது அது நூற்று முப்பது. ஆலைக்காரர் தன் கொள்ளளவைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார். யாரிடம் உண்மையான அவசரம் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. ஒரு வருடம் கழித்து, எங்களிடம் தேவையில்லாத அளவுக் கட்டிகள் அலமாரி நிறையக் கிடந்தன. வேறொரு பட்டறையில் அதே கட்டி இல்லாமல் மெஷின் சும்மா நின்றது. ஒருவருடைய அலமாரியை மற்றவர் பார்க்கும் வழி இல்லை. பார்த்தாலும் ஒப்பந்தப்படி ஒரு திட்டத்துக்கு வாங்கிய உலோகத்தை வேறு திட்டத்துக்குத் தர எங்களுக்கு உரிமை இல்லை.

தட்டுப்பாட்டுக் காலத்தில் இன்னொரு கதவும் திறக்கிறது. 2024 ஜூனில், பொய்யான ஆவணங்களோடு விற்கப்பட்ட டைட்டானியம் போயிங், ஏர்பஸ் இரண்டின் விமானங்களுக்குள்ளும் போயிருப்பதாக அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விசாரிக்கும் செய்தி வெளிவந்தது. ஒரு சப்ளையர் உலோகத்தில் அரிப்பால் விழுந்த சிறு துளைகளைக் கவனித்ததில்தான் விஷயமே வெளிப்பட்டது. பல அடுக்கு கைமாறி வந்த சரக்கு அது. சோதனைகளில் உலோகத்தின் வலிமை சரியாகத்தான் இருந்தது என்று பாகம் செய்த நிறுவனம் சொன்னது. என்னைப் போன்றவனுக்கு அது ஆறுதல் தரவில்லை. சான்றிதழைச் சரிபார்ப்பதுதான் என் தினசரி வேலை. என் மேசைக்கு வரும் காகிதம் நல்ல காகிதமா என்று நான் பார்க்கும்போது, இந்தக் கட்டி கிடைக்காவிட்டால் இரண்டு வாரம் உற்பத்தி நிற்கும் என்று ஒருவர் என் பின்னால் நிற்கக் கூடாது. அப்படி நின்ற நாள்கள் உண்டு. அப்போதெல்லாம் என் கண்ணுக்கு வலு குறைகிறது என்பதை மனசாட்சியோடு ஒப்புக்கொள்கிறேன்.

சரி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் ஒப்பந்தம். சீவலும் வெட்டுத் துண்டும் உங்கள் சொத்து, அல்லது எங்கள் சொத்து, எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். கலவை வாரியாகப் பிரித்து, ஹீட் நம்பர் குறித்து, எண்ணெய் நீக்கிக் கொடுத்தால் இன்ன விலை என்று முன்கூட்டியே பேசுங்கள். இப்போது நடப்பது போலச் சீவலை விற்கும் சில்லறை லாபம் பட்டறையின் மாதக் கடைசிச் செலவுக்கு என்று விட்டுவிட்டால், யார் அதிகம் தருகிறாரோ அவரிடம்தான் அது போகும், அவர் அதை எங்கே அனுப்புகிறார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அலுமினியத்துக்கும் இது பொருந்தும். தாமிரம் சேர்ந்த 2000 வரிசையும் துத்தநாகம் சேர்ந்த 7000 வரிசையும் ஒரே குவியலாகிவிட்டால் இரண்டுமே விமானத்துக்கு உதவாது, சாதாரண வார்ப்புக்குத்தான் போகும். லித்தியம் கலந்த அலுமினியம் அந்தக் குவியலில் சேர்ந்தால் குவியலே கெட்டுவிடும். தகடுகளில் பெரும்பகுதியைக் கடைந்தே எடுக்கும் தொழிலில் இது சின்ன அளவு இல்லை.

பழைய அளவிலேயே கட்டி வாங்குவதையும் நிறுத்துங்கள். பாகத்தின் உருவத்துக்கு நெருக்கமாக அடித்தோ, உராய்வால் பற்றவைத்தோ, அடுக்கடுக்காக வளர்த்தோ செய்ய வழி வந்துவிட்டது. கம்பியை உருக்கி வளர்த்த டைட்டானியக் கட்டமைப்புப் பாகத்துக்கு 787 விமானத்தில் 2017-இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. ஆனாலும் பத்து வருடத்துக்கு முன் வரைந்த படத்தில் உள்ள கட்டி அளவைத் திருத்த எங்களுக்கு அனுமதி கிடைப்பதில்லை. பத்து மில்லிமீட்டர் குறைந்த கட்டி போதும் என்று நான் எழுதிய ஒரு யோசனை ஒன்றரை வருடம் கழித்துத்தான் “பரிசீலனையில்” என்ற பதிலோடு திரும்பி வந்தது. படத்தை மாற்றினால் மறுபடி தகுதிச் சோதனை செய்ய வேண்டும், செலவு என்று எனக்கும் தெரியும். அந்தச் செலவை ஒரு பாகத்துக்கு என்று பார்க்காமல், அடுத்த இருபது வருடம் ஓடப்போகும் உற்பத்தி முழுவதற்கும் என்று வகுத்துப் பாருங்கள்.

மாற்றுக் கலவை விஷயத்தில்தான் உங்கள் பொறுப்பு மிகப் பெரியது. ஒரு புதுக் கலவையை உருவாக்கி, சோதித்து, இன்ஜினில் அனுமதி வாங்க பத்து வருடமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். தட்டுப்பாடு வந்த பிறகு தொடங்கினால் அந்தத் தட்டுப்பாட்டுக்கு அது உதவப் போவதில்லை. ரேனியம் குறைந்த, கோபால்ட் குறைந்த இரண்டாவது கலவைக்கு விலை மலிவாக இருக்கும் காலத்திலேயே அனுமதி வாங்கி அலமாரியில் வையுங்கள். யாரும் கேட்காத நேரத்தில் அதற்குப் பணம் ஒதுக்க ஒரு தலைமை அதிகாரிக்குத் துணிச்சல் வேண்டும். நிதிப் பிரிவு கேள்வி கேட்கும். 1978-ஐயும் 2008-ஐயும் 2022-ஐயும் அவர்கள் முன்னால் வையுங்கள்.

பறந்து ஓய்ந்த இன்ஜின்கள் இருக்கின்றன. ஏர்பஸ் 2005 முதல் 2007 வரை பழைய விமானங்களைப் பிரித்தெடுக்க பிரான்சின் தார்பில் நடத்திய பாமெலா திட்டத்தில், ஒரு விமானத்தின் எடையில் 85 சதவீதம் வரை மீட்கலாம் என்று காட்டினார்கள். எடையில் மீட்பது ஒன்று, தரத்தில் மீட்பது வேறொன்று. ஓய்ந்த பிளேடு எந்தக் கலவை என்று தெரியாமல் நிக்கல் குவியலில் போய் விழுந்தால், அதிலுள்ள ரேனியமும் ஹாஃப்னியமும் டான்டலமும் துருப்பிடிக்காத எஃகுக்குள் கரைந்து காணாமல் போகும். அந்தப் பிளேடை வார்த்தவர் நீங்கள். அது எந்தக் கலவை, எந்தப் பூச்சு என்று உங்கள் ஏட்டில் இருக்கிறது. பிரித்தெடுப்பவருக்கு அந்தத் தகவலைக் கொடுங்கள். தொழில் ரகசியம் என்று நீங்கள் மூடி வைப்பது உங்கள் ரேனியத்தையே மூடி வைக்கிறது. மறுபடி பயன்பாட்டுக்குத் திருட்டுத்தனமாக வந்துவிடாதபடி அந்தப் பிளேடுகளை வெட்டிச் சிதைத்து அனுப்புங்கள், ஆனால் சிதைத்ததைக் கலக்காமல் அனுப்புங்கள்.

கடைசியாக, எண்ணிக்கை. அடுத்த இரண்டு வருடத்துக்கு நீங்கள் எத்தனை விமானம் செய்யப் போகிறீர்கள் என்ற கணக்கு எங்களுக்கு வந்து சேரும்போது நான்கு கை மாறி, ஒவ்வொரு கையிலும் ஊதிப் பெருத்து வருகிறது. உருக்கும் ஆலைக்கும் அடித்து வடிக்கும் ஆலைக்கும் கடையும் பட்டறைக்கும் ஒரே நேரத்தில் ஒரே கணக்கைக் கொடுங்கள். கணக்கு மாறினால் மாறியதையும் சொல்லுங்கள். 2020-இல் ஆர்டர்களை நீங்கள் திடீரென்று வெட்டியபோது உருக்கும் ஆலைகளும் வார்ப்படச் சாலைகளும் அனுபவசாலிகளை வீட்டுக்கு அனுப்பின. மறுபடி ஆர்டர் வந்தபோது அவர்களில் பலர் திரும்பவில்லை. கையிருப்பு வைத்திருக்கச் சொன்னால் அதற்கான பணத்தையும் நீங்களே கட்டுங்கள். பாகம் கொடுத்து நான்கு மாதம் கழித்துப் பணம் வாங்கும் ஒரு சின்னப் பட்டறையால் ஆறு மாதத்து டைட்டானியத்தை அலமாரியில் வைத்திருக்க முடியாது.

இதெல்லாம் செலவு என்று சொல்வீர்கள். செலவுதான். தொட்டிக்கும் ஆளுக்கும் கழுவும் மெஷினுக்கும் பணம் ஆகும், விலை மலிந்த வருடங்களில் அந்தப் பணம் திரும்பாது. ஆனால் கட்டி வராமல் ஒரு மெஷின் மூன்று வாரம் நின்றதையும், அதற்காக விமானம் ஒன்று முடிக்கப்படாமல் கொட்டகையில் காத்திருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த நாள்களின் கணக்கை யாரும் சீவல் தொட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

இப்போது நான் இருக்கும் பட்டறையில் போன மாதம் ஒவ்வொரு கலவைக்கும் ஒரு நிறம் என்று தொட்டிகளுக்குப் பெயின்ட் அடித்தோம். டைட்டானியத்துக்கு நீலம், நிக்கல் கலவைகளுக்கு இரண்டு விதச் சிவப்பு. யாரும் கேட்டு நாங்கள் செய்யவில்லை. கார்பைடு முனை உடைந்தால் அந்த ஷிப்ட் தொட்டியைத் தனியாக ஒதுக்கிச் சீட்டு ஒட்டுவதையும் இரவு ஷிப்ட் நண்பர்களே ஆரம்பித்திருக்கிறார்கள். இப்போதைக்கு அந்த நீலத் தொட்டிகள் பதினொன்று மூடி போட்டு அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை எங்கே அனுப்புவது என்று உங்களில் யாராவது ஒருவர் எழுதுங்கள். அடுத்த ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது அந்த நாற்பது பக்கத்தில் சீவலுக்கும் ஒரு பக்கம் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
மூலப்பொருள் ஸ்டோர்ஸிலிருந்து ஒருவன்